புளியந்தீவைச் சூழ்ந்த நீர்: காவலற்ற ஒரு வாவியின் கதை

மட்டக்களப்பின் காட்டுயிர் வரலாற்றை எழுத விரும்பும் ஒருவர் முதலில் நூலகத்துக்குச் செல்லவேண்டியதில்லை. பேருந்தொன்றில் ஏறி, வழியில் வரும் ஊர்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு சென்றாலே போதும். படுவான்கரையில் முதலைக்குடா இருக்கிறது. மேற்கே கரடியனாறு இருக்கிறது. வாவிக்குள் எருமைத்தீவு, முகத்துவாரத்தை அண்டிப் பாலமீன்மடு. மரஞ்செடிகளைத் தேடினால் பட்டியல் இன்னும் நீளும். தாழங்குடாவில் தாழை, நாவற்குடாவிலும் நாவலடியிலும் நாவல், நொச்சிமுனையில் நொச்சி, மகிழடித்தீவில் மகிழ், தேற்றாத்தீவில் தேற்றா, கொக்கட்டிச்சோலையில் கொக்கட்டி. ஆரையம்பதி முன்னர் ஆரைப்பற்றையாக இருந்தது; ஈரநிலத்தில் படரும் ஆரைக்கீரையே அதன் மூலம். இவற்றின் நடுவில் புளியமரத்தின் பெயரைத் தாங்கிய சிறு தீவொன்றில்தான் மட்டக்களப்பு நகரம் உட்கார்ந்திருக்கிறது.

இப்பெயர்களை இட்டவர்கள் எவரும் இயற்கை ஆய்வாளர்கள் அல்லர். மீன்பிடிக்கவும் மாடு மேய்க்கவும் வயல் செய்யவும் வந்தவர்கள், தாங்கள் கண்டதைச் சொல்லி இடத்தை அடையாளப்படுத்தினார்கள். எங்கே முதலை கிடக்கும், எங்கே எருமை இறங்கும் என்பது அவர்களுக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல். இன்று அப்பெயர்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் பெயர் மாத்திரமே எஞ்சியிருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வாவியின் அளவை முதலில் சொல்லிவிடலாம். வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பரப்பு ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர். கடலோடு அதற்குள்ள தொடர்பு இரண்டே இடங்களில்: நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகும்போது அது தானாக உடைக்கும் அல்லது மனிதர் வெட்டிவிடுவர். ஆற்றுவாயை எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் இடையிலான வாக்குவாதம் ஒவ்வொரு மாரிக்கும் உரியது. ஆகவே இந்த நீர் ஆறு மாதம் நன்னீரை நோக்கியும் ஆறு மாதம் உவர்நீரை நோக்கியும் சாய்கிறது. வாவியின் உயிர்வளம் இந்தச் சாய்வில்தான் தங்கியிருக்கிறது. கடலிலிருந்து இறாலும் கொடுவாவும் உள்ளே வருகின்றன. அவற்றைத் தேடி நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் வருகின்றன. முதலையும் மனிதனும் எல்லாவற்றையும் தேடி வருகிறார்கள்.

'களப்பு' என்றாலே ஆழமற்ற கடல்சார் நீர்நிலை. மட்டக்களப்பு என்னும் பெயர் பழங்காலத்தில் தெற்கே சம்மாந்துறைப் பக்கத்துக்கு வழங்கியதாகவும், பிற்காலத்தில் கோட்டையோடு சேர்ந்து புளியந்தீவுக்கு இடம்பெயர்ந்ததாகவும் கூறுவர். கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர்; பத்தாண்டுகளில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. அந்நியர் கண்ணுக்கு இந்த நீர் முதலில் ஒரு மதிலாகவே தெரிந்தது.

நீருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிவைத்த வெளியாருள் முக்கியமானவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1859இல் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய பெருநூலில் மட்டக்களப்பு வாவி இரண்டு காட்சிகளில் வருகிறது. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

முதற்காட்சி முதலை. அரசாங்க அதிபரின் இல்லத்திலிருந்து சில யார் தூரத்தில் முதல்நாள் இரவு தூண்டில் போட்டிருக்கிறார்கள். இரை ஆட்டுக்குடல். கயிறு ஒற்றைத் தடிக்கயிறு அன்று, மெல்லிய நூற்கயிறுகளின் கற்றை. தடிக்கயிற்றை முதலை கடித்து அறுத்துவிடும். மெல்லிய கயிறுகளோ பற்களின் இடைவெளியில் புகுந்துகொள்வதால் அறுபடா. இந்தப் பொறிமுறை உள்ளூரவருடையது என்பதை டெனன்ட் மறைக்காமல் சொல்கிறார். பத்துப் பதினோரு அடி முதலையொன்று மாட்டிக்கொண்டது. அது அவ்வூரில் சிறியதாம். பதினைந்து முதல் பத்தொன்பது அடிவரை பிடிபட்டதுண்டாம். நீரில் இருக்கும்வரை தோணியையே ஆழத்துக்கு இழுத்துச் சென்ற மிருகம், கரைக்கு வந்ததும் துவண்டுவிட்டது. அதன்பின் துப்பாக்கிக் குண்டுகள். ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தபின்னும் அது உயிரோடு துடித்ததை அவர் வியப்போடு குறிக்கிறார். இரக்கத்தோடு குறிக்கிறார் என்று சொல்ல என்னால் இயலவில்லை.

இரண்டாவது காட்சி வேறொரு வருகையின்போது, 1848 செப்டம்பரில். வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்று கேள்விப்பட்டு மீன்பிடிகாரரை விசாரிக்கிறார். அவர்கள் இடத்தையும் காலத்தையும் சொல்கிறார்கள். அது மீனன்று, ஒருவகை ஊரி என்றும் சொல்லி, அழும் சிப்பி என்ற பொருளில் ஒரு தமிழ்ப்பெயரையும் தருகிறார்கள். மாதிரிகளையும் பொறுக்கிக் கொடுக்கிறார்கள். நிலவொளியில் தோணியில் சென்று செவிமடுத்த டெனன்ட், பல திசைகளிலிருந்தும் தனித்தனியாக எழும் மெல்லிய நாதங்களைக் கேட்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போன்ற ஒலி. தோணியின் பலகையில் காதை வைத்தால் அது ஓங்கிக் கேட்டது.

ஆண்டையும் மாதத்தையும் கவனிக்கவேண்டும். மாத்தளைக் கிளர்ச்சி நசுக்கப்பட்டு, புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டு ஆறு வாரங்கள்கூட நிறைந்திருக்குமோ என்னவோ. மலைநாட்டில் இராணுவச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. அந்த அடக்குமுறைக்காகப் பிரித்தானிய நாடாளுமன்ற விசாரணைக்கு முகங்கொடுத்த நிர்வாகத்தின் இரண்டாவது பெரிய அதிகாரி, கிழக்கே நிலவில் தோணியேறிச் சிப்பியின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காக அவர் எழுதியதன் மதிப்புக் குறையாது. உள்ளூர் மீனவரின் விளக்கத்தைச் சிரித்துத் தள்ளாமல், ஓடுடைய உயிரினம் நீருக்குள் ஒலியெழுப்ப இயலுமா என்பதற்கு ஐரோப்பிய ஆய்வாளரின் சான்றையும் தேடியவர் அவர்.

ஒலியை எழுப்புவது எது என்பதில் அறிஞர் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. மீன்கள் ஒலியெழுப்பும் என்பதில் மட்டும் இன்று ஐயமில்லை. பல மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துத் துணையை அழைக்கின்றன. 1980களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், சோசலிட்டோ என்னும் ஊரில் படகுவீடுகளில் வாழ்ந்தவர்கள் இரவு முழுவதும் கேட்ட ரீங்காரத்தால் தூக்கமிழந்தார்கள். இரகசிய இயந்திரமோ, கழிவுக்குழாயோ என்று பலவாறு ஐயுற்றபின், அது ஒருவகைத் தேரைமீனின் காதற்பாட்டு என்று கண்டறியப்பட்டது. மட்டக்களப்பில் அத்தகைய முறைப்பாடு எழுந்ததில்லை. இங்கே அவ்வொலி நாட்டுக்கே பெயராயிற்று: மீன்பாடும் தேன்நாடு. காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் துயிலும் விபுலாநந்த அடிகள், யாழின் இலக்கணத்தை ஆராய்ந்த அதே காலத்தில் இவ்வாவியின் ஒலியை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு செய்யுள் இயற்றினார். பின்னாளில் அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது.

ஒரே நீர், ஒரே எழுத்தாளர்: ஒரு வருகையில் துப்பாக்கி, மறு வருகையில் காது. இலங்கையில் காட்டுயிர் பற்றிய சட்டங்கள் எழுந்தது துப்பாக்கி பிடித்தவர்களின் கவலையிலிருந்துதான். வேட்டை மிருகம் தீர்ந்துபோகிறதே என்ற கவலை அது. யானை, எருமை முதலியவற்றை வகைதொகையின்றிக் கொல்வதைத் தடுக்க 1891இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது; 1894இல் வேட்டைக்காரரும் தோட்டத்துரைமாரும் கூடி வேட்டைமிருகப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வழிவந்ததே. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938இல் யால, வில்பத்து தேசியப் பூங்காக்களும், 1949இல் வனசீவராசிகள் திணைக்களமும் அடுத்தடுத்து வந்தன.

இவ்வரிசையில் ஒரு குறையைக் காணலாம். அமெரிக்காவிலும் வேட்டைக்காரர்தாம் முன்கை எடுத்தனர். ஆனால் அங்கே அவர்கள் சதுப்புநிலத்தை மறக்கவில்லை. 1934இல் அந்நாடு, நீர்ப்பறவை வேட்டையாடும் ஒவ்வொருவரும் ஒரு டொலர் முத்திரை வாங்கவேண்டும் என்று சட்டமியற்றியது. அந்தப் பணம் ஈரநிலங்களைப் பொதுச்சொத்தாக வாங்கப் பயன்பட்டது. முதல் முத்திரையின் படத்தை வரைந்தவர் ஜே டார்லிங். பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர், இருமுறை புலிட்சர் பரிசு பெற்றவர். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் வாத்துக்குச் செய்த உதவி என்று இதை நான் சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்வதுண்டு. இலங்கையிலோ துரைமாரின் கண் யானை, சிறுத்தை, மான் இருந்த காட்டிலேயே நிலைத்தது. பூங்காக்கள் மனிதர் அருகிய இடங்களில் அமைந்தன. மட்டக்களப்புக்கு மேற்கே கல்லோயா நீர்த்தேக்கத்தின் நீரேந்து காடுகள் 1954இல் தேசியப் பூங்காவாயின. கீழே, இரு கரையும் ஊர்கள் நெருங்கிய வாவி சட்டத்தின் கண்ணிற் படவில்லை.

மனிதர் நெருங்கிய நீர்நிலையைக் காக்க இயலாது என்று சொல்லவும் முடியாது. வேடந்தாங்கல் கண்ணெதிரே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காத கிராமத்தார் செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுத் தடையுத்தரவு பெற்றனர். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அறிந்த கணக்கு. அந்த ஏரி 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. ராம்சார் உடன்படிக்கையில் இலங்கை 1990இல் பூந்தலையுடன் சேர்ந்தது. பின்னர் ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து ஆகியவையும் இடம்பெற்றன. நாட்டின் மிகப்பெரிய களப்புகளுள் ஒன்றான மட்டக்களப்பு வாவி அப்பட்டியலில் இல்லை.

அப்படியாயின் இத்தனை காலம் இதைக் காத்தது எது? பயன்பாடே பெரும்பாலும் காத்தது என்று கருதுகிறேன். கண்டல் மரத்தின் பட்டையை அவித்த சாயத்தில் வலையைத் தோய்த்தால்தான் பருத்தி வலை உவர்நீரில் நிலைக்கும். ஆகவே கண்டல் வலைகாரனுக்கு வேண்டியதாயிருந்தது. நைலோன் வலை வந்ததும் அந்த உறவு அறுந்தது. தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும் என்ற அச்சம் அதன்மேல் கோடரி விழாமல் வைத்தது. வாவியின் மேற்குக் கரையிலுள்ள முருகன் தலத்துக்குத் தில்லை மண்டூர் என்றே பெயர். அங்கே மரத்துக்கு அச்சத்தோடு பக்தியும் துணையாயிற்று. வீச்சுவலையும் அத்தாங்கும் தூண்டிலும் கொண்டு போகிறவனால் ஒரு வாவியைத் தீர்த்துவிட முடியாது. 1924இல் கல்லடிப் பாலம், தேசாதிபதி மனிங்கின் மனைவி பெயரால், எழுந்த பின்னரும் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே பல இடங்களில் போக்குவரத்து 'பாதை' எனப்படும் மிதவையில்தான். மிதவை மெதுவாகச் செல்லும். பறவை அதைக் கண்டு எழுவதில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பை மொட்டையாக்கியது. தென்னந்தோட்டங்கள் படுத்தன, பறவைகள் அடையும் மரங்களும் உடன் விழுந்தன. மரம் மீண்டும் வளர்ந்தது. அதைவிட ஆழமான காயம், கரையை வெட்டிக் குளமாக்கிய இறால் பண்ணையோடு தொடர்புடையது.

மகிழடித்தீவில் அமைந்த அப்பண்ணையை நடத்தியது செரண்டிப் சீஃபூட்ஸ் என்னும் கம்பனி; அதன் பங்குகளில் 48 வீதம் ஹொங்கொங் நிறுவனமொன்றிடம் இருந்தது. 1987 ஜனவரி 28ஆம் திகதி பாதுகாப்புப் படையினர் நடத்திய நடவடிக்கையில் பண்ணை அழிந்தது. ஊழியர் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அயற்கிராமங்களில் இறந்தோரையும் சேர்த்து மக்கள் சொல்லும் தொகை இன்னும் பெரிது. ஹொங்கொங் நிறுவனம், 1980ஆம் ஆண்டின் பிரித்தானிய–இலங்கை முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் காட்டி, வாஷிங்டனில் உள்ள முதலீட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நிலையத்தில் வழக்குத் தொடுத்தது. எண்பது இலட்சம் டொலருக்கு மேல் கோரியது. 1990 ஜூன் 27இல் வந்த தீர்ப்பு, இலங்கை அரசு உரிய பாதுகாப்பை வழங்கத் தவறியது என்று கண்டு, 460,000 டொலரும் வட்டியும் கொடுக்குமாறு பணித்தது. இரு நாட்டு முதலீட்டு ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டு அந்நிலையம் வழங்கிய முதல் தீர்ப்பு அதுவே. உலகெங்கும் சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு மகிழடித்தீவு ஒரு வாவிக்கரை ஊர் என்று தெரியும்? அந்த வழக்கில் விலை நிர்ணயிக்கப்பட்டது ஒரு முதலீட்டுக்கு. ஊழியரின் உயிரோ, கரை இழந்த கண்டலோ வழக்கின் பொருளாக இருக்கவில்லை. அதே மகிழடித்தீவும் அருகிலுள்ள முதலைக்குடாவும் 1991 ஜூன் 12ஆம் திகதி மற்றுமொரு படுகொலையைக் கண்டன.

அதன்பின் வாவி ஓர் எல்லைக்கோடாயிற்று. நகரும் எழுவான்கரையும் அரசபடையிடம். படுவான்கரையின் பெரும்பகுதி 2007வரை விடுதலைப் புலிகளிடம். வவுணதீவில் சோதனைச்சாவடி, கல்லடிப் பாலத்தில் காவலரண். இரவில் தோணி விடுவது உயிரோடு விளையாடுவதாயிற்று. பௌர்ணமியன்று மீனின் பாட்டைக் கேட்கப் போவது ஒரு தலைமுறைக்குக் கதையாகிவிட்டது. மனிதர் ஒதுங்கிய இடத்தில் பறவையும் மரமும் செழிக்கும் என்று சிலர் ஆறுதலாக எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காவலரணுக்கு முன்னே மறைவு இருக்கக்கூடாது என்று கரைமரம் வெட்டப்படுவதும் போரின் வேலைதான்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கும் வாவிக்கும் இடையே நூலாகக் கிடந்த நாவலடி ஏறத்தாழ அழிந்தது. அப்பேரழிவுக்குப் பின்னர்தான் கண்டற்காட்டின் பயனைப் பற்றி அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் உரத்துப் பேசத் தொடங்கினர். 2015இல் இலங்கை தன் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டத்தை அறிவித்து உலகின் பாராட்டைப் பெற்றது. நாற்று நடும் படங்கள் நிறைய வந்தன. நட்ட நாற்றில் எத்தனை மரமாயின என்பது படத்தில் வராது.

போர் முடிந்தபின் மாற்றம் விரைந்து வந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலம். 2014இல் மண்முனைப் பாலம். இரண்டும் ஜப்பானிய உதவி. படுவான்கரை மக்களுக்கு, மருத்துவமனைக்கும் கல்விக்கும், அவை காலங்கடந்து வந்த நீதி. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பழைய இரும்புப் பாலம் நடப்போருக்கும் மாலைக்காற்று வாங்குவோருக்கும் உரியதாயிற்று. கோட்டையின் அயலில் காந்திப் பூங்கா, 1913இல் கட்டப்பட்ட பாலமீன்மடு வெளிச்சவீட்டின் அடியில் கண்டலூடே படகுச்சவாரி, விடுதிகளில் துடுப்புப் படகு. முப்பதாண்டு பூட்டியிருந்த நீர் மக்களுக்குத் திறந்தது நல்லதே. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் கூழைக்கடாவைக் கண்டு வியப்பதைப் பார்க்கவும் இனிமையாக இருக்கிறது.

ஆனால் திறந்த நீருக்குக் கரை வேண்டும். வாவியோரத்தில் கல்லும் மண்ணும் கொட்டி ஒரு பேர்ச்சு, இரண்டு பேர்ச்சு என்று நிலம் பெருக்குவது நகரில் எவருக்கும் புதிய செய்தியன்று. கழிவுநீரும் பிளாஸ்டிக்கும் அதே கரையால் இறங்குகின்றன. மீன்பிடி ஒரு திணைக்களம், கரை இன்னொன்று, மரம் மற்றொன்று, பறவை வேறொன்று; முழு வாவிக்கும் பொறுப்பான ஒருவரைத் தேடினால் கோப்புத்தான் கையில் வரும். இறால் பண்ணைப் பேச்சு மீண்டும் எழும்போதெல்லாம் நினைக்கவேண்டியது புத்தளத்தை: 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியபின் அங்கே கைவிடப்பட்ட குளங்கள் கண்டலாகவும் இல்லை, வயலாகவும் இல்லை. பட்டியலில் பெயர் ஏறுவதைவிட முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. வாவியின் எல்லையை அளந்து, கல் நட்டு, அந்த வரைபடத்தைப் பிரதேச செயலகங்களின் சுவரில் ஒட்டவேண்டும். அதற்கு ஜப்பானிய உதவி தேவைப்படாது.

பாட்டைக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்கள், பௌர்ணமியை ஒட்டிய இரவுகள், பழைய கல்லடிப் பாலத்தின் அயல். பாலத்தில் வாகனம் ஓய்ந்தபின் செல்லுங்கள். படகோட்டியிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். டெனன்ட் தோணிப்பலகையில் காதை வைத்ததும் இதே முறையில்தான். கேட்காமல் திரும்பி வருவோரும் உண்டு. படகோட்டிமேல் கோபிக்க வேண்டாம்.